அறுபது: ஓர் எண்ணின் இயல்பும் வரலாறும்

எண்களை வரலாற்றுக்குப் புறம்பான பொருள்களாகக் கருதுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. அரசுகள் தோன்றி மறைகின்றன, மொழிகள் திரிகின்றன, சமயங்களும் சட்டங்களும் காலத்துக்கேற்ப மாறுகின்றன. எண்ணின் இயல்போ மாறுவதில்லை. அறுபதை ஐந்தால் வகுத்தாற் பன்னிரண்டு வரும் என்பது சுமேரியக் கணக்கனுக்கு எவ்வளவு உண்மையோ, எமக்கும் அவ்வளவு உண்மையாகும். ஆதலால் எண் விஞ்ஞான பீடத்துக்கு உரியது, வரலாறு கலைப்பீடத்துக்கு உரியது என்று எல்லை வகுத்துக்கொண்டு அமைதி காண்கின்றோம்.

இவ்வெல்லை எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதை அறுபது என்னும் ஒரே எண்ணைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். நாம் பணத்தைப் பத்தின் மடங்குகளில் எண்ணுகின்றோம். நீளத்தையும் நிறையையும் பத்தின் மடங்குகளில் அளக்கின்றோம். ஆனால் மணித்தியாலத்தை 60 நிமிடங்களாகவும், நிமிடத்தை 60 செக்கன்களாகவும், பாகையை 60 கலைகளாகவும் பகுக்கின்றோம். எமது பஞ்சாங்கத்தில் நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 60 விநாழிகை. ஆண்டு வட்டத்துக்கு 60 ஆண்டு. பத்தின் ஆட்சி உலகெங்கும் பரவிய பின்னரும் காலமும் கோணமும் மட்டும் அதற்கு அடங்காது நிற்பதேன்? "அறுபது பல எண்களால் வகுபடும்; அதனால் வசதியானது" என்பதே இவ்வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடையாகும். இவ்விடை பிழையானதன்று, ஆயினும் போதியதுமன்று. அது போதாமைக்குரிய காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணின் இயல்பு

அறுபதின் முதன்மைக் காரணிகள் 2, 2, 3, 5 என்பன. அதற்கு 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 எனப் பன்னிரண்டு வகுத்திகள் உள. ஒன்று முதல் ஆறு வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் எண்களுள் இதுவே மிகச் சிறியது. அறுபதிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. தன்னிற் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றி சிறீனிவாச இராமானுசன் 1915ஆம் ஆண்டிலே நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 எனத் தொடரும் அவ்வரிசையில் அறுபது ஒன்பதாவதாக நிற்கின்றது.

இதனால் விளையும் நடைமுறைப் பயன் பின்னங்களிலேயே தெளிவாகும். பத்தினடி முறையில் மூன்றில் ஒன்றை எழுதப் புகுந்தால் 0.333 என முடிவின்றி நீளும். ஆறில் ஒன்றும் அவ்வாறே. அறுபதினடி முறையிலோ அரை என்பது 30, மூன்றில் ஒன்று 20, காற்பங்கு 15, ஐந்தில் ஒன்று 12, ஆறில் ஒன்று 10 என ஒவ்வொன்றும் முழுமையாக முடிந்துவிடும். 2, 3, 5 என்னும் காரணிகளால் மட்டும் ஆக்கப்பட்ட எந்த எண்ணைக்கொண்டு வகுப்பினும் விடை முடிவுறும். ஏழு போன்ற எண்களே இதற்கு அடங்காதவை.

அறுபதுக்கு வேறொரு நுண்ணிய இயல்பும் உண்டு. அறுபதை இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதும்போது, அவ்விரண்டுக்கும் பொதுக் காரணி இல்லாதவாறு அமையும் வகுத்திகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அறுபதை நீக்கினால் அவை 1, 3, 4, 5, 12, 15, 20 என்பனவாம். இவற்றைக் கூட்டினால் மீண்டும் அறுபதே வரும். இத்தகைய எண்களாக இதுவரை அறியப்பட்டவை ஐந்து மாத்திரமே. இவ்வியல்பு இருபதாம் நூற்றாண்டுக் கணிதரின் ஆராய்ச்சிப் பொருள்; பண்டைக் கணக்கர் எவரும் இதன்பொருட்டு அறுபதைத் தேர்ந்தவரல்லர். ஓர் எண்ணுக்கு இயல்புகள் பல இருக்கலாம். அவற்றுள் மனிதனின் தேவை எதனைத் தொடுகின்றதோ அதுவே வரலாற்றில் இடம்பெறுகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மேலும், வகுபடும் வசதியே முழுக் காரணமாயின் 120க்கு 16 வகுத்திகளும் 360க்கு 24 வகுத்திகளும் உள்ளனவே! சிறுமையே சிறப்பெனின் ஆறு வகுத்திகளை உடைய பன்னிரண்டு கைக்கு அடக்கமானதாயிற்றே! இவற்றை விட்டு அறுபது நிலைபெற்றது எவ்வாறு என்பதை எண்ணின் இயல்பு மட்டும் உரைக்க மாட்டாது. அதற்கு நாம் மெசப்பொத்தேமியாவின் களிமண் ஏடுகளை நாடவேண்டும்.

ஊருக் நகரின் கணக்குகள்

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் அமைந்திருந்த ஊருக் நகரில் கி.மு. நான்காம் ஆயிரவாண்டின் இறுதியைச் சேர்ந்த ஏடுகள் ஆயிரக்கணக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. உலகின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளான இவற்றுட் பெரும்பாலானவை கதையோ பாட்டோ அல்ல, கணக்குகளேயாகும். இவற்றை ஆராய்ந்த ஹான்ஸ் நிசென், பீட்டர் டமரோ, றொபேட் இங்லண்ட் ஆகியோர் வெளிப்படுத்திய உண்மையொன்று எமது கவனத்துக்குரியது. ஊருக் கணக்கர் எல்லாவற்றையும் ஒரே முறையில் எண்ணவில்லை. மனிதரையும் கால்நடைகளையும் எண்ணுவதற்கு 1, 10, 60, 600, 3600 என ஏறும் முறை ஒன்று இருந்தது. பங்கீடாக வழங்கப்பட்ட தானிய உணவுகளையும் பாற்கட்டிகளையும் எண்ணுவதற்கு 1, 10, 60, 120, 1200 என ஏறும் வேறொரு முறை இருந்தது. தானியத்தின் கொள்ளளவுக்கும் நிலத்தின் பரப்புக்கும் தனித்தனி முறைகள் இருந்தன. எண் என்பது எண்ணப்படும் பொருளிலிருந்து இன்னும் பிரிந்துவிடாத நிலை அது.

முதல் முறையிலே ஒன்றைக் குறிக்க நாணற் கோலின் முனையைச் சாய்த்து அழுத்தினர். பத்தைக் குறிக்க அதனை நேராக அழுத்தி வட்டமாக்கினர். பருத்த கோலினாற் சாய்த்து அழுத்திய பெரிய குறி அறுபது. பெரிய வட்டம் 3600. அதாவது, அறுபது என்பது "பெரிய ஒன்று" என்னும் வடிவையே பெற்றது. பிற்காலத்தில் ஆப்பெழுத்து வளர்ச்சியுற்றபோது பெரிய குறிக்கும் சிறிய குறிக்கும் இடையிலான வேறுபாடு மறைந்து, ஒன்றும் அறுபதும் ஒரே ஆப்பினாற் குறிக்கப்படலாயின. இடப்பெறுமான முறை தோன்றுவதற்கு இவ்வொற்றுமை வழிவகுத்தது.

தோற்றம் பற்றிய கொள்கைகள்

அறுபது எவ்வாறு அடியெண் ஆயிற்று என்பது பற்றி அறிஞர் பலவாறு கூறியுள்ளனர். கி.பி. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தியோன், மிகுதியான வகுத்திகளை உடைய எண்களுள் அறுபதே சிறியதும் கையாள்வதற்கு எளியதுமாகும் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொறிற்ஸ் கன்ரர், ஆண்டின் நாள்களை ஏறத்தாழ 360 எனக் கொண்டு வட்டத்தை 360 ஆகப் பகுத்த பின்னர், ஆரையினால் வட்டம் ஆறாகப் பிரிவதிலிருந்து அறுபது பிறந்தது என முதலிற் கருதினார். பத்தை அடியாகக் கொண்ட ஓர் இனமும் ஆறை அடியாகக் கொண்ட வேறோர் இனமும் கலந்ததன் விளைவே இது என்பாரும் உளர். ஒரு கையின் நான்கு விரல்களிலுள்ள பன்னிரண்டு கணுக்களை மறுகையின் ஐந்து விரல்களாற் பெருக்கி எண்ணியதன் விளைவென்பது பிறிதொரு கொள்கை. எடை, அளவை ஆகியவற்றின் அலகுகளை ஒன்றோடொன்று இசைவிக்க முற்பட்டபோது அறுபது தோன்றியது என்றார் ஒட்டோ நொய்கபவர்.

தூரோ-தாஞ்சன் 1939இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டியது போன்று, சுமேரியரின் எண்ணுப் பெயர்களிலேயே அறுபது ஓர் அலகாக விளங்குகின்றது. எனவே வானியலோ வட்டக் கணிதமோ வளர்வதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் நாவில் அறுபது இருந்தது என்பது பெறப்படும். தியோனின் விளக்கத்தைப் பொறுத்தவரையில் ஊருக் ஏடுகளே தக்க மறுமொழி தருகின்றன. 120ஐ அலகாகக் கொண்ட முறை அங்கே உண்மையிலேயே வழக்கிலிருந்தது. உணவைப் பங்கிடுவதற்கே அது பயன்பட்டது. வகுத்திகளும் அதற்கே அதிகம். இருந்தும் காலப்போக்கில் வழக்கொழிந்தது அதுவே; நிலைத்தது அறுபதே. ஆகவே, வகுபடும் தன்மை அறுபதுக்குத் துணைநின்றதேயன்றி அதன் வெற்றியைத் தனித்துத் தீர்மானிக்கவில்லை எனலாம்.

கூலியும் கணக்கும்

அறுபதினடி முறை முழு வளர்ச்சி பெற்றது ஊர் நகரின் மூன்றாம் அரச வமிசக் காலத்தில், அதாவது கி.மு. 21ஆம் நூற்றாண்டளவிலாகும். சுல்கி முதலான மன்னர்களின் ஆட்சியில் வயலும் ஆலையும் நெசவுச்சாலையும் அரச மேற்பார்வைக்கு உட்பட்டன. ஒவ்வொரு வேலையாளின் ஒவ்வொரு நாளும் கணக்கில் எழுதப்பட்டது. எடை அளவையில் 60 சேக்கல் ஒரு மினா. 60 மினா ஒரு தலந்து. நிருவாகக் கணக்கில் மாதத்துக்கு 30 நாள். ஆண்டுக்கு 360 நாள். ஏறத்தாழ ஒரு லீற்றர் கொள்ளும் சிலா என்பதே தானிய அளவையின் அலகு. ஆண் தொழிலாளி ஒருவனுக்கு மாதப் பங்கீடாகப் பொதுவில் 60 சிலா வாற்கோதுமை அளக்கப்பட்டது. பெண் தொழிலாளிக்கு 30 சிலா அளக்கப்பட்டது.

அறுபது மிக இலகுவாக இரண்டாக வகுபடும் என்பது கணித உண்மை. ஆனால் எதை எவருக்கு இரண்டாக வகுப்பது என்பது கணிதம் அன்று. அக்காலக் கணக்கேடுகளில் வேலையாட்களின் கண்காணி நிறைவேற்ற வேண்டிய வேலைநாள்கள் ஒருபுறமும் நிறைவேற்றியவை மறுபுறமும் எழுதப்பட்டன; எஞ்சிய நிலுவை அடுத்த ஆண்டுக் கணக்கில் அவன் பெயரிலே கடனாக ஏற்றப்பட்டது. இவ்வேடுகளை ஆராய்ந்த இங்லண்ட், அக்கடன் கண்காணியின் இறப்பின் பின்னரும் அவன் குடும்பத்தைத் தொடர்ந்தமையைக் காட்டியுள்ளார். "வசதியான எண்" என்று நாம் கூறும்போது, எவருக்கு வசதி என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் வரலாற்று மாணவரின் கடனாகும். பல அலகுகளில் உள்ள பொருள்களையும் வேலைநாள்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து விரைந்து கணிக்கவேண்டிய தேவை அரச கணக்கருக்கே இருந்தது. இடப்பெறுமானத்துடன் கூடிய அறுபதினடிக் கணிதம் அத்தேவையின் வழியே உருவானது என்பர் ஆய்வாளர்.

ஏட்டுப்பள்ளிகள்

ஊர் அரசு கி.மு. 2000ஐ அண்டி வீழ்ந்தது. கணக்கு முறை வீழவில்லை. நிப்பூர் முதலிய நகரங்களில் ஏட்டுப்பள்ளிகள் அதனைக் காத்தன. மாணவர் மனனஞ் செய்த வாய்பாடுகளுள் முதலிடம் பெற்றது நிகர்மாற்று வாய்பாடாகும். 2க்கு 30, 3க்கு 20, 4க்கு 15, 5க்கு 12, 6க்கு 10 எனத் தொடங்கி, 8க்கு 7, 30 என்றும் 9க்கு 6, 40 என்றும் அது செல்லும். ஏழு விடுபட்டிருக்கும், ஏழின் நிகர்மாற்று முடிவுறாதன்றோ! வகுத்தல் என்னும் தனிச் செய்கை அவர்களிடம் இல்லை. ஐந்தால் வகுக்கவேண்டின் பன்னிரண்டாற் பெருக்கினர். முன்னர் நாம் கண்ட எண்ணின் இயல்பு, இவ்வாய்பாட்டின் மூலமே நாள்தோறும் பயன்படும் கருவியாயிற்று.

அவர்கள் அடைந்த நுண்மை வியத்தற்குரியது. யேல் பல்கலைக்கழகத்திலுள்ள உள்ளங்கையளவு ஏடொன்றில் சதுரமொன்று வரையப்பட்டு, அதன் மூலைவிட்டத்தின் மீது 1, 24, 51, 10 என்னும் இலக்கங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றை முறையே ஒன்று, அறுபதின் பங்கு, 3600இன் பங்கு, 216,000இன் பங்கு எனக் கொண்டாற் கிடைப்பது 1.414213 அளவினதாகும். இரண்டின் வர்க்கமூலத்துடன் இது பத்திலட்சத்தில் ஒன்றுக்குக் குறைவான வேறுபாட்டுடன் பொருந்துகின்றது.

முறையைப் பிற்கால உலகு மீட்டறிந்த கதையும் சுவையானது. 1854இல் வில்லியம் லொவ்ற்றஸ் பண்டைய லார்சா நகரிற் கண்டெடுத்த ஏடொன்றில் 1, 4, 9, 16 என வரிசை தொடங்கியது. 49இன் பின்னர் 64 வரவேண்டிய இடத்தில் 1, 4 என்று இருந்தது. அடுத்து 81க்குப் பதிலாக 1, 21 என்று இருந்தது. முதலிலுள்ள ஒன்றை அறுபதெனக் கொண்டாலன்றி இவை வர்க்க எண்களாகா. ஈராயிரம் ஆண்டுகள் மண்ணிற் புதைந்திருந்த இடப்பெறுமானம் இவ்வாறு மீண்டும் புலனாயிற்று.

இக்காலத்தின் வேறொரு நிகழ்வும் நோக்கற்பாலது. சுமேரியம் பேச்சுவழக்கொழிய, அதன் இடத்தைப் பெற்ற அக்காதியம் பத்தினடியாக எண்ணும் மொழியாகும். அதில் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிப் பெயர்கள் உண்டு. எனவே சந்தையிலும் வீட்டிலும் மக்கள் பத்தின் வழியிலேயே எண்ணலாயினர். அறுபது பள்ளிக்கும் புலமைக் கணிதத்துக்கும் உரியதாக ஒடுங்கியது. மக்கள் வழக்கிலிருந்து அகன்ற அது, கற்றோர் மரபு ஒன்றினாலேயே உயிர்தரித்தது.

வானியலாளர் கையில்

அக்கற்றோர் மரபு கி.மு. முதலாம் ஆயிரவாண்டில் வானியலாக மலர்ந்தது. பபிலோனிய வானியலாளர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவில் இராசிமண்டலத்தைப் பன்னிரண்டாகவும், ஒவ்வோர் இராசியையும் முப்பது பாகைகளாகவும் வகுத்தனர். சந்திரனதும் கோள்களதும் நிலைகளை அறுபதினடி எண்களில் நிரல்படுத்தினர். இவ்வட்டவணைகளின் பயனை உணர்ந்த கிரேக்கர், அவற்றுடன் எண் முறையையும் ஏற்றுக்கொண்டனர்.

இவ்வாறு ஏற்றபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தொலமி இயற்றிய அல்மகெஸ்ட் என்னும் பெருநூலில் முழுவெண்கள் கிரேக்கரின் பத்தினடி முறையில் எழுதப்பட்டன; பின்னங்கள் மட்டுமே அறுபதினடியில் அமைந்தன. பின்னங்களின் இடர்ப்பாடு நோக்கியே இம்முறையைக் கைக்கொள்வதாகத் தொலமி கூறுகின்றார். அவர் வட்டத்தின் ஆரையையும் 60 பகுதிகளாகக் கொண்டே நாண்களின் அட்டவணையை ஆக்கினார். "107 பாகை 24 கலை" என்று நாம் இன்று எழுதும்போது அக்கலப்பு முறையையே பின்பற்றுகின்றோம்.

பின்னர் அரபு மொழியில் எழுதிய வானியலாளர் இம்மரபைப் பேணி வளர்த்தனர். சமர்க்கந்தைச் சார்ந்து பணியாற்றிய அல்-காசி 1424இல் வட்டத்தின் பரிதிக்கும் ஆரைக்கும் உள்ள விகிதத்தை ஒன்பது அறுபதின் இடங்கள்வரை கணித்தார். இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் முதற் பகுப்பை "முதலாவது சிறு பகுதி" என்றும் அடுத்ததை "இரண்டாவது சிறு பகுதி" என்றும் வழங்கினர். ஆங்கிலத்தின் "மினிற்", "செக்கன்ட்" என்னும் சொற்கள் இத்தொடர்களின் எச்சங்களேயாம். நாம் வழங்கும் செக்கன் என்னும் சொல் "இரண்டாவது" என்று பொருள்படும் என்பதை அறிந்தோர் சிலரே.

இந்திய இலக்கங்களை 1202இல் ஐரோப்பியருக்கு விளக்கி நூல் எழுதிய பீசா நகரத்து லெயொனார்டோ, 1225ஆம் ஆண்டளவில் முப்படிச் சமன்பாடொன்றுக்குத் தந்த விடையை அறுபதினடிப் பின்னங்களிலேயே எழுதினார். பத்தின் புகழைப் பரப்பியவரே நுண்ணிய கணிப்புக்கு அறுபதை நாடினார். தசமப் பின்னங்களை ஐரோப்பாவிற் பரவச் செய்த சைமன் ஸ்ரெவினின் சிறுநூல் 1585இலேதான் வெளிவந்தது.

நாழிகையும் ஆண்டு வட்டமும்

இனி எமது மரபினை நோக்குவோம். நாளை அறுபது நாடிகைகளாகப் பகுக்கும் வழக்கம் வேதாங்க சோதிடத்திலேயே காணப்படுகின்றது. இது பபிலோனியாவிலிருந்து வந்ததென டேவிட் பிங்கிறீ வாதிட்டார். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள விகிதம் 3:2 என இரு மரபுகளிலும் கூறப்படுவது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. இக்கருத்தை மறுப்போர், அவ்விகிதம் வடமேற்கு இந்தியாவுக்கும் பொருந்தும் என்பர். நாளை முப்பது முகூர்த்தங்களாக்கும் வழக்கு வேத இலக்கியத்திலேயே உண்டு. ஒரு முகூர்த்தம் இரு நாடிகையாயின் அறுபது தானே வரும். யாவும் எம்மிடமே தோன்றின என்னும் பெருமிதமும், யாவும் பிறரிடமிருந்து வந்தன என்னும் தாழ்வுணர்ச்சியும் இத்தகைய வினாக்களைத் தெளிவுபடுத்த உதவா.

சீனத்தின் உதாரணம் இங்கு பயன்படும். சாங் வமிசக் காலத்து ஆரூட எலும்புகளில் நாள்கள் அறுபது பெயர்களைக் கொண்ட வட்டமாக எண்ணப்படுகின்றன. பத்துக் குறிகளைக் கொண்ட வரிசையொன்றும் பன்னிரண்டு குறிகளைக் கொண்ட வரிசையொன்றும் ஒருங்கே நகரும்போது, தொடங்கிய இணை மீண்டும் வருவது அறுபதாவது நாள் கழிந்த பின்னராகும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொது மடங்குகளுட் சிறியது அறுபது என்பதே காரணம். பபிலோனியருடன் தொடர்பின்றியே ஒரே எண்ணை வேறு வழியால் அடையலாம் என்பதற்கு இது சான்று.

எமது ஆண்டு வட்டத்திலும் இதே கணிதம் காணப்படும். வியாழன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் சனி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளிலும் இராசிமண்டலத்தைச் சுற்றிவரும். இவ்விரண்டின் பொது மடங்குகளுட் சிறியதும் அறுபதே. ஆயினும் வியாழனின் ஐந்து சுற்றுகளுக்கு உண்மையிற் செல்லும் காலம் 59.3 ஆண்டுகளாகும். இவ்வேறுபாட்டைச் சரிசெய்ய வடநாட்டு மரபில் இடையிடையே ஓர் ஆண்டின் பெயர் தள்ளப்படும். தென்னாட்டில் அவ்வாறு தள்ளும் வழக்கம் அற்றுப்போக, பிரபவ முதல் அட்சய வரையான பெயர்கள் சூரிய ஆண்டுக்கு ஒன்றாகத் தொடர்கின்றன. கோள் வேறு, வட்டம் வேறு என்றாகிய பின்னரும் வட்டம் நிலைத்தது. அறுபதாம் ஆண்டு நிறைவை நாம் கொண்டாடுவது வானத்தைப் பார்த்தன்று, வழக்கத்தைப் பார்த்தேயாகும்.

ஆரியபட்டர் தமது காலத்தைக் குறிப்பிடும் முறையும் கருதற்குரியது. கலியுகத்தில் அறுபது முறை அறுபது ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது இருபத்துமூன்று என்கின்றார். அதனைக் கொண்டே ஆரியபட்டீயத்தின் காலம் கி.பி. 499 எனக் கணிக்கப்படுகின்றது. சுமேரியர் பெரிய வட்டத்தாற் குறித்த 3600 இங்கு ஓர் ஆசிரியரின் வாழ்நாளைக் குறிக்கும் எல்லைக்கல்லாக நிற்கின்றது.

நாழிகையை அளந்த கருவி நீர்க்கடிகாரமாகும். பாசறையில் நாழிகைக் கணக்கர் நீர்க் கன்னல் கொண்டு பொழுதறிந்து அரசனுக்கு உரைத்ததை முல்லைப்பாட்டு குறிப்பிடுகின்றது. 1660இல் கொட்டியாரத்தில் அகப்பட்டுக் கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், சிங்கள மக்கள் பகலை முப்பது "பைய" ஆகவும் இரவை முப்பது "பைய" ஆகவும் வகுத்தனர் என்கின்றார். அடியிற் சிறு துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் நேரத்தைக் கொண்டு அரசன் பொழுதறிந்ததையும் அவர் விபரித்துள்ளார். தமிழரின் நாழிகையும் கண்டியின் பையவும் ஒரே அளவினவே. இன்று சிங்களத்தில் அதே சொல் அறுபது நிமிட மணித்தியாலத்தைக் குறிக்கின்றது. அளவு மாறிற்று, பெயர் மாறவில்லை.

புதுச்சேரியில் ஒரு கிரகணம்

அறுபதின் வரலாற்றிலே தமிழருக்குள்ள உண்மையான பங்கினைக் காட்டும் நிகழ்ச்சி 1825ஐச் சார்ந்தது. படை அதிகாரியும் வானியலறிஞருமான யோன் வாரன், அவ்வாண்டில் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் தம் நூலில் இதனைப் பதிவுசெய்துள்ளார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், 1825ஆம் ஆண்டு மே 31ஆந் திகதிக்கும் யூன் முதலாந் திகதிக்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை, நிலத்திற் சோழிகளை வைத்தே கணித்துக் காட்டினார். அவரிடம் அட்டவணை ஏடு எதுவும் இல்லை. எண்கள் யாவும் மனப்பாடமாக இருந்த சொற்றொடர்களில் மறைந்திருந்தன. எழுத்துக்கு எண்ணைப் பொருத்தி அமைக்கப்பட்ட இத்தொடர்களே வாக்கியங்கள் எனப்படுவன. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவரது கணிப்பு நான்கு நிமிடமும், நடுப்பகுதியில் இருபத்துமூன்று நிமிடமும், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமும் வேறுபட்டது.

வாக்கிய முறையிற் சந்திரனின் நிலை இராசி, பாகை, கலை என்னும் மூன்று நிலைகளிற் கூறப்படும். அறுபது கலை சேர்ந்தால் ஒரு பாகை. முப்பது பாகை சேர்ந்தால் ஓர் இராசி. இம்முறை 248 நாள் வட்டம் ஒன்றனை அடிப்படையாகக் கொண்டது. சந்திரன் பூமிக்கு அண்மையில் வருவது தொடங்கி மீண்டும் அண்மையில் வருவது வரையான காலத்தின் ஒன்பது மடங்கு ஏறத்தாழ 248 நாள் ஆகும். இதே 248 நாள் வட்டம் செலூக்கியர் காலத்து ஆப்பெழுத்து ஏடுகளிலும், உரோமர் ஆட்சிக்கால எகிப்தின் கிரேக்கப் பப்பிரசு ஏடுகளிலும் காணப்படுகின்றது. 1952இல் "தமிழ் வானியல்" என்னும் தலைப்பில் ஆய்வுக் கட்டுரை எழுதிய நொய்கபவர், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சியுடைய மரபொன்று 1825இலும் உயிருடன் இருந்தமையையே கணிப்பின் துல்லியத்திலும் முக்கியமானதாகக் கருதினார்.

அக்கணிதர் வானியற் கொள்கைகளை அறியாதவர் என வாரன் குறித்துள்ளார். அக்கூற்றை ஏளனமாகக் கொள்ள வேண்டியதில்லை. நிப்பூர் மாணவனும் நிகர்மாற்று வாய்பாட்டை மனனமே செய்தான். கொள்கை எழுதியோரின் பெயர்களை நாம் அறிவோம். ஆனால் அரசுகள் வீழ்ந்தபோதும் மொழிகள் மாறியபோதும் கணிதத்தைச் சுமந்து வந்தோர் பெரும்பாலும் இத்தகைய மனனக் கணிதர்களே. யாழ்ப்பாணத்தில் இன்றும் திருக்கணித பஞ்சாங்கத்துடன் வாக்கிய பஞ்சாங்கமும் வழங்குகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விரதநாள் பற்றிய பிணக்காக மட்டும் காணாது, கணித வரலாற்றின் ஆவணமாகவும் எமது மாணவர் கற்கப் புகுவது அவசியமாகும்.

புரட்சி வெல்லாத எண்

அறுபதை அகற்ற மேற்கொள்ளப்பட்ட மிகப் பெரிய முயற்சி பிரெஞ்சுப் புரட்சியின் போது நிகழ்ந்தது. 1793 நவம்பர் 24ஆந் திகதிய ஆணைப்படி நாள் பத்து மணித்தியாலங்களாகவும், மணித்தியாலம் நூறு நிமிடங்களாகவும், நிமிடம் நூறு செக்கன்களாகவும் பகுக்கப்பட்டது. புதிய முகப்புடன் மணிக்கூடுகளும் செய்யப்பட்டன. ஆனால் 1795 ஏப்ரில் 7ஆந் திகதிய சட்டம் இத்தசம நேரத்தின் கட்டாயத்தை நிறுத்திவைத்தது. மீற்றர், கிராம், லீற்றர் ஆகிய பெயர்களை நிலைநாட்டியதும் அதே சட்டமேயாகும்.

ஒரே சட்டத்திற் பத்து நீளத்தை வென்று நேரத்திடம் தோற்றது ஏன்? பழைய முழமும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டவை. அவற்றை ஒருமுகப்படுத்தியதால் வணிகருக்கும் மக்களுக்கும் பயன் விளைந்தது. நேரத்தின் பகுப்போ ஐரோப்பா எங்கும் ஏற்கெனவே ஒன்றாகவே இருந்தது. அதனை மாற்றினால் மணிக்கூடுகள் அனைத்தும் பயனற்றுப் போகும்; வானியல் அட்டவணைகள் அனைத்தையும் திருப்பி எழுதவேண்டும்; ஈடாகக் கிடைப்பதோ சிறிது. ஆகவே அங்கு அறுபதைக் காத்தது அதன் வகுத்திகள் அல்ல. அதன்மேற் கட்டப்பட்டிருந்த உலகளாவிய இணக்கமேயாகும். 1967இல் செக்கனுக்குச் சீசியம் அணுவின் அதிர்வுகளைக் கொண்டு புதிய வரைவிலக்கணம் வகுக்கப்பட்டபோதும் அதன் அளவு மாற்றப்படவில்லை.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறின், அறுபதின் இயல்பு ஒன்றாக இருந்தும் அதன் வாழ்வுக்குக் காரணமாயிருந்தது காலத்துக்குக் காலம் வேறுபட்டது என்பது புலனாகும். ஊருக்கில் அது எண்ணுப் பெயராக இருந்தது. ஊர் அரசின் கீழ்ப் பங்கீட்டுக்கும் வேலைநாளுக்கும் உரிய கருவியாயிற்று. பபிலோனில் ஏட்டுப்பள்ளியின் உடைமையாயிற்று. அலெக்சாந்திரியாவிலும் சமர்க்கந்திலும் அட்டவணைகளின் மொழியாயிற்று. புதுச்சேரியில் நினைவிலே தங்கிய வாக்கியமாயிற்று. பாரிசில் மாற்ற இயலாத வழக்கமாயிற்று. பன்னிரண்டு வகுத்திகள் இவ்வொவ்வொரு கட்டத்திலும் வாய்ப்பை அளித்தன. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தியவர்களும், அதனாற் பயன்பெற்றவர்களும், அதன் சுமையைத் தாங்கியவர்களும் மனிதரே. 60 சிலாவையும் 30 சிலாவையும் எண் வகுக்கவில்லை; அரசே வகுத்தது.

எனவே எண்ணின் இயல்பை ஆராய்தல் கணிதரின் பணியாயின், அவ்வியல்பு எச்சூழலில், எவர் கையில், எவர் பொருட்டுச் செயற்பட்டது என்பதை ஆராய்தல் வரலாற்று மாணவரின் பணியாகும். இரு பீடங்களும் தத்தம் எல்லைக்குள் நின்றுவிடாது இணைந்து ஆற்றவேண்டிய பணி இது என்பதே இக்கட்டுரையாற் பெறப்படும் முடிபாகும்.